ஆட்டோ கியர் பெட்டி

டாக்ஸிக்காரரின் மனைவிக்கு நிறைமாதம். டாக்ஸியோ ஒரு வாரமாகப் படுத்த படுக்கை. இன்ஜினின் கம்ப்யூட்டர் போய்விட்டதாம்.

“எதிர்வீட்டுல இருக்கற உங்க அண்ணன்கிட்ட சொல்லி வைங்களேன். வலி வந்தா அவர் கார்ல போயிடலாம்.”

“அவன் கார்ல ஏறுறதுக்கு நடந்தே போயிடலாம்.”

நடக்கப்போவது இவரில்லையே! ஆனாலும் மனுஷர் சும்மா இருக்கவில்லை. அதே கம்பெனியின் வேறொரு காருடைய கம்ப்யூட்டர் பெட்டியை எங்கிருந்தோ பிடித்து, தானே மாட்டிப் பார்த்தார். டாக்ஸி முனகக்கூட இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்க்கோடி மெக்கானிக்கிடம் ஓடினார்.

“உங்களுது கை கியர். இது ஆட்டோ கியர் வண்டியோடது” என்றார் மெக்கானிக்.

“பிளக் கச்சிதமா உக்காந்துச்சே?”

“உக்காரும். உள்ளே கம்பி வரிசை வேற. சாவியைத் திருப்பினதுமே இதுவும் கருகிப்போச்சு. எங்கே வாங்கினீங்க?”

“பழைய சாமான் கடையில” என்றார், கூரையைப் பார்த்தபடி.

மனைவியிடமிருந்து போன் வந்தது.

“வலி வந்துடுச்சுங்க. பயப்படாதீங்க, உங்க அண்ணனே ஓடி வந்து என்னைக் கார்ல உக்கார வெச்சுட்டார். தம்பி குழந்தைகிட்ட எனக்கென்ன கோபம்னு அழறார்.”

“கிளம்பிட்டீங்களா?”

“எங்கே கிளம்புறது? கார் உசுரில்லாம கிடக்கு. எவனோ பானெட்டைத் திறந்து கம்ப்யூட்டரைக் கழட்டிட்டுப் போயிருக்கான். ஆம்புலன்ஸையும் காணோம்.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “நம்ம வண்டிக்காவது பெட்டி சரியாச்சாங்க?”