பத்து வயதுக்கு மேல் அனுமதியில்லை

"லோயிஸ், முகாம்காரம்மாவை வலது பக்கம் மட்டும் விட்டுடாதே. பேச்சுக் கொடுத்து இடது பக்கமாவே நிறுத்தி வை!"

ஆர்விட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கிசுகிசுத்தார். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் அவருடைய வீட்டு வண்டிக்கு இருபத்தாறு வயது. இடது பக்கம் மட்டும்தான் புதுப் பெயிண்ட். வலது பக்கத்துக்கு வருவதற்குள் டப்பாவும் காலி, மனைவியின் பொறுமையும் காலி.

"போன வருஷமே இதைப் பழைய இரும்புக்குப் போட்டுத் தொலைங்கன்னு சொன்னேன்," என்றாள் லோயிஸ். "கோடை முழுக்க வண்டிக்கு அடியிலயே படுத்துக் கிடந்தீங்க. உங்க முகத்தைவிட உங்க செருப்பைத்தான் அதிகமாப் பார்த்தேன்."

"கூரை ஒழுகுறது நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு. இப்ப சுவர் ஒழுகுது."

அமெரிக்காவின் வடக்குப் பனிக்குத் தப்பி, வெயில் காயும் அரிசோனாவுக்கு ஓடி வரும் கிழவர் கிழவிகள், வண்டியோடு தங்கும் முகாம் அது. வாசலில் இரண்டு பலகைகள் தொங்கின. ஐம்பத்தைந்து வயதுக்குக் குறைந்த மனிதர்களுக்கு அனுமதியில்லை என்றது ஒன்று. பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதியில்லை என்றது மற்றொன்று. உள்ளே இருக்கிற ஆள் எவ்வளவு ஓட்டை உடைசலாக இருந்தாலும் பரவாயில்லை, வண்டி மட்டும் பளபளக்க வேண்டுமாம். நல்ல நியாயம்!

வழியில் எல்லா முகாம்களிலும் விரட்டிவிட்டார்கள். இங்கேயும் இடம் கிடைக்காவிட்டால் வடக்கே மின்னசோட்டாவுக்கே திரும்பி, மகன் வீட்டு நிலவறையில்தான் குளிர்காலத்தைக் கழிக்க வேண்டும். தும்மினால்கூட மாடியிலிருந்து மருமகள் தரையைத் தட்டுவாள். போன குளிர்காலத்தில் லோயிஸ் அங்கே அழாத நாள் குறைவு. இனி ஒரு தடவை அது தன்னால் முடியாது என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தாள்.

முகாமின் சொந்தக்காரி வில்மா குடை பிடித்து வந்தாள். தூறல் பலத்துக்கொண்டிருந்தது. லோயிஸ் வானிலையைப் பற்றிப் பேச வாயெடுப்பதற்குள் அவள் நேராக வலது பக்கம் போய் நின்றாள்.

"இதுவும் அதே வண்டிதானா? இல்ல, பாதியில வேற வண்டியை ஒட்டியிருக்கீங்களா?"

ஆர்விட் அசடு வழிந்தார்.

"மழையில நிக்காதீங்க. அனுப்பினாலும் நனையாம அனுப்புறேன்," என்று அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள் வில்மா.

வெளியே மரப்பலகை அடித்து, முன்னால் தாழ்வாரம் இறக்கி, சுற்றிலும் பூந்தொட்டி அடுக்கிய அழகான அலுவலகம். நுழையும்போதே ஆர்விட்டின் தலை நிலையில் இடித்தது.

"எல்லாரும் அங்கேதான் இடிச்சுக்குவாங்க," என்றாள் வில்மா. ஒடுக்கமான அறையின் கோடியில், சுவரையே மறைத்த பூப்போட்ட திரைக்கு முன்னால் போய் அவள் உட்கார்ந்தாள். தரை லேசாக ஆடியது. மேஜையிலிருந்த காப்பி தளும்பியது. மூலையில் ஒரு வாளிக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"இதோ பாருங்க பெரியவரே. இந்த மாதிரிக் கிழட்டு வண்டியை உள்ளே விட்டா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும். முதல்ல ஒழுகும். அப்புறம் துருப்பிடிக்கும். ஒருநாள் ஸ்டார்ட் ஆகாம நின்னுடும். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் இங்கேயேதான். யாரும் அசைக்க முடியாது."

"வசந்தம் வந்ததும் போயிடுவோம்மா, சத்தியமா," என்றாள் லோயிஸ்.

"வரும்போது எல்லாரும் அப்படித்தான் சொல்றது."

லோயிஸின் கண் கலங்கிவிட்டது. ஆர்விட்டோ அதைக்கூடக் கவனிக்காமல் கூரையையே வெறித்துக்கொண்டிருந்தார். எழுந்து போய், தண்ணீர் சொட்டும் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தார்.

லோயிஸுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க! ஊரான் வீட்டுக் கூரையை அப்புறம் ஆராயலாம். நமக்கு இடம் வேணும்னு அவங்ககிட்ட வாயைத் திறந்து கேளுங்களேன்!"

ஆர்விட் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "ஒண்ணு கேட்கலாமா மேடம்?"

"விதியைத் தளர்த்தச் சொல்லாதீங்க. மத்தபடி எதை வேணா கேளுங்க."

"இதோட ஸ்டியரிங் எங்கே?"

வில்மாவின் முகம் வெளிறியது. ஆர்விட் எட்டி அந்தப் பூப்போட்ட திரையை விலக்கினார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு எதிரே, ஆர்விட்டின் வண்டிக்கே அக்கா முறையாகும் ஒரு கிழட்டு ஸ்டியரிங்கில் வில்மாவின் மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது.

"திரையை மூடுங்க, யாராவது பார்த்துடப் போறாங்க!" என்று பதறினாள் வில்மா. "எனக்குப் பக்கத்து இடத்தையே எடுத்துக்குங்க. பெயிண்ட் அடிச்ச பக்கம் ரோட்டுக்குத் தெரியுற மாதிரி நிறுத்துங்க. நானும் அப்படித்தான் நிறுத்தியிருக்கேன்."