சர்க்கரைக்கு நல்ல பூ

ஆற்றங்கரையில் ஓர் ஊதாப் பூவைப் படமெடுக்க ஆவுடையப்பன் குப்புறப் படுத்திருந்தபோது, துணி துவைத்துக்கொண்டிருந்த பேச்சித்தாய் கேட்டாள்: "என்ன பூவு சார் அது?"

அவருக்குத் தெரியாது. சற்றுமுன் கைபேசியில் எடுத்து அனுப்பியும், அவருடைய செடி ஆர்வலர் வாட்ஸ்அப் குழுவிலும் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் கழுத்தில் அத்தனை பெரிய கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "மூலிகைம்மா, சர்க்கரைக்கு நல்லது" என்றார். எந்தச் செடியைக் காட்டினாலும் நம்மூரில் யாராவது அப்படித்தானே சொல்கிறார்கள். இந்த முறை அவர் முந்திக்கொண்டார்.

அன்றிரவு, இலையையும் படமெடுத்து அனுப்பச் சொன்னது குழு. அடுத்த ஞாயிறு வந்தால் இலையுமில்லை, பூவுமில்லை. கரை முழுக்க மொட்டைத் தண்டுகள்.

"நீங்க வருவீங்கன்னுதான் கொண்டாந்தேன் சார்." பேச்சித்தாய் தூக்குவாளியைத் திறந்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு இதைத்தான் அரைச்சுக் குடுக்கேன். மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டாச்சு. ரெண்டு நாளா ஆளு கெறங்கிக் கெடக்காரு. மருந்து வேலை செய்யுதுல்லா?"

பச்சையாக ஒரு டம்ளர் ஊற்றி நீட்டினாள். "பக்குவம் சரியான்னு நீங்கதான் சொல்லணும்."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். ஆவுடையப்பன் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். தொண்டை எரிந்தது.

"மொதல்ல வீட்டக் காட்டும்மா."

"வீட்டுக்கே வாறீங்களா சார்?" அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "இவங்கதான் அந்த மருந்து சாரு" என்று சொல்லிக்கொண்டே போனாள்.