விளங்கேல்லை

விமலேஸ்வரி கதிரையில் முன்னுக்குக் குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றியபடி மூச்சுக்குத் திணறினாள். பக்கத்தில் நின்ற மகள் யதுர்ஷிகா பதறவே இல்லை. "முட்டு எப்ப தொடங்கினது? இரவிலை கூடுதோ?" என்று ஆறுதலாக விசாரித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார் தாய்மாமன் தவராசா. "ஐயோ விமலா! என்னடி பிள்ளை, கொம்மா சாகக் கிடக்கிறா, நீ கதை கேட்டுக்கொண்டு நிக்கிறாய்!"

விமலேஸ்வரி நிமிர்ந்து கலகலவென்று சிரித்தாள். "சும்மா அண்ணை. இவளின்ரை டொக்டர் சோதனைக்கு நான்தான் நோயாளி. நேற்று செங்கண்மாரி, இண்டைக்கு முட்டு."

தவராசாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. இருந்த கோபத்தில் வந்த காரியத்தை உடனே அவிழ்த்தார். பரந்தனில் இரும்புக்கடை வைத்திருக்கும் பையன் வீட்டில் யதுர்ஷிகாவைக் கலியாணத்துக்குக் கேட்கிறார்களாம்.

"படிப்பு இவளுக்குச் சரிவராது. போனமுறை சோதனையிலை ஒரு பக்கம் கை கால் விளங்காத பாரிசவாதக்காரனைக் காட்டி, என்ன வருத்தம் எண்டு கேக்க வாயடைச்சு நிண்டவள்தானே? தர்மபுரம் ஊர் முழுக்கச் சிரிக்குது."

யதுர்ஷிகாவின் முகம் சுண்டிப்போயிற்று. மாமா சொன்னது பொய்யில்லை. அன்றைக்கு நோயாளியின் கண்ணைப் பார்த்ததும் படித்ததெல்லாம் பறந்துவிட்டது. அடுத்த கிழமை மறுசோதனை. அதிலும் வாயடைத்து நின்றால் அம்மாவால்கூட இந்தக் கலியாணத்தைத் தடுக்க முடியாது.

"நீங்கள் சொல்லுறது எனக்கு விளங்கேல்லை அண்ணை," என்றாள் விமலேஸ்வரி.

அது அவளுடைய ஆயுதம். புருசன் போன பிறகு வயற்காணியை விற்கச் சொன்னவர்களுக்கும், பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இவ்வளவு படிப்பு என்று புத்தி சொன்னவர்களுக்கும் அந்த ஒரு சொல்லால்தான் வாசல் படலையைக் காட்டியிருக்கிறாள். எருமை மாட்டில் மழை பெய்த மாதிரி இருந்துகொண்டு விளங்கேல்லை, விளங்கேல்லை என்பாள். வந்தவர் களைத்து எழும்பிப் போய்விடுவார்.

தவராசா விடவில்லை. கடை, கல்வீடு, பையனின் குணம் என்று முதலிலிருந்து சொன்னார். விமலேஸ்வரி குசினிக்குள் போய் இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டுவந்து, தன்னுடையதைக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மற்றதை வலக்கையால் நீட்டினாள். கோப்பை நழுவி அவர் காலடியில் விழுந்து உடைந்தது.

"கோவத்தை என்னிலை காட்டாதை, சொல்லிப்போட்டன்!"

அம்மா நல்ல பாடம் படிப்பித்துவிட்டாள் என்று யதுர்ஷிகாவுக்கு உள்ளூரச் சந்தோசம். விமலேஸ்வரி கதிரையில் போய் இருந்து, தன்னுடைய கோப்பையை இடக்கையால் எடுத்தாள்.

"முடிவைச் சொல்லு விமலா. ஓமோ, இல்லையோ?"

"விளங்கேல்லை..." என்று இழுத்தாள் விமலேஸ்வரி.

"என்ன, இழுத்து இழுத்துப் பழிக்கிறியோ? இவ்வளவு நேரமும் தமிழிலைதானே சொன்னனான்! இதிலை என்ன விளங்கேல்லை?"

யதுர்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

பாய்ந்துபோய் அம்மாவின் வாய்க்குக் கிட்டப் போன கோப்பையைப் பறித்துத் தூர வைத்தாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மாமாவின் சட்டைப்பையிலிருந்து போனை இழுத்தெடுத்து இலக்கத்தை அழுத்தினாள். இந்தமுறை படித்தது எதுவும் பறந்துவிடவில்லை.

"ஆருக்கடி எடுக்கிறாய்?"

"அம்புலன்ஸுக்கு."

"என்ரை கதை விளங்கேல்லை எண்டு கொம்மா சொன்னதுக்கு அம்புலன்ஸோ? இது அடுத்த நாடகமோ?"

யதுர்ஷிகா, வாய் ஒரு பக்கம் கோணிப்போயிருந்த அம்மாவின் மடியில் துவண்டு கிடந்த வலக்கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டு, மாமாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அம்மாக்கு விளங்காதது உங்கடை கதை இல்லை மாமா, கை!"