ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கணும்

தரகர் ஜீப்பின் பானெட்டைத் தட்டிக் காட்டினார். நர்ஸுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே எரிச்சல் வந்தது.

மலையேறுகிற வண்டியாம். அவள் எந்த மலையில் ஏறப் போகிறாள்? காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சாயங்காலம் வீட்டுக்கு வர வேண்டும். அதற்குப் போய் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி!

வேறு வழியும் இல்லை. ஆஸ்பத்திரி ரோட்டில் ஸ்கூட்டரோடு இரண்டு தடவை விழுந்தாயிற்று. இரண்டாவது தடவை தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்னொரு தரம் விழுந்தால் கையைத் தூக்கவே முடியாது, ஸ்கூட்டரைத் தொடவே கூடாது என்று எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புருஷனின் புதுக் கார் அந்த ரோட்டில் இறங்காது. அடி தட்டிவிடுமாம்.

"பேசாம வேலையை விட்டுடேன்" என்றான் புருஷன்.

ஏன் விட வேண்டும்? யார் செய்த வினைக்கு யார் வேலையை விடுவது?

கட்டுப்போடும் அறை அவள் பொறுப்பு. அந்த ரோட்டில் விழுந்து எழுந்தவர்கள் நேராக அங்கேதான் வருவார்கள். கிழவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளை, நிறைமாதக்காரி, யாரும் பாக்கியில்லை. முழங்கால் சதைக்குள் புதைந்த ஜல்லியை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பாள். எடுக்க எடுக்க அவர்கள் அலறுவார்கள்.

போன வாரம் எடுத்த ஜல்லியை அவள் குப்பையில் போடவில்லை. கழுவி, ஒரு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவன் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அது என்னவென்று அவன் கேட்கவில்லை. டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாப்பிட்டு முடித்தான். மறுநாள் காலையில், "உனக்கு ஒரு பழைய ஜீப் பார்க்கலாம்" என்றான்.

இப்போது பார்க்க வேண்டுமே அவன் அக்கறையை! வெள்ளை ஜீப் வேண்டாம் என்று ஒரே பார்வையில் ஒதுக்கினான். மேலே புதுப் பெயின்ட், கீழே துருவாம். பச்சை ஜீப்புக்கு அடியில் அட்டையை விரித்து, நல்ல சட்டையோடு மல்லாக்கப் படுத்து, ஸ்பிரிங் பட்டையை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். எழுந்து, வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று கையால் அளந்தான்.

"பாலம் தாண்டினதும் வர்ற பள்ளத்துக்கு இந்த உயரம் போதும்" என்றான்.

அவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மாதக்கணக்காகிறது. ஆனாலும் பள்ளம் எங்கே விழும், எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"சார் விஷயம் தெரிஞ்சவர்!" தரகருக்கு ஒரே சந்தோஷம். "இது ஆபீசுக்கும் போகும், ஆத்துலயும் இறங்கும்க்கா. தினம் ஓட்டலாம், கார் கெட்டுது போங்க."

"ஓட்டிப் பார்த்துத்தான் வாங்கணும்." அவள் சாவிக்குக் கை நீட்டினாள். லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாள். ஓட்டத்தான் வண்டி இல்லை.

"இங்கயே பக்கத்துல ஒரு ரவுண்டு போயிட்டு வா" என்றான் புருஷன்.

"நீங்களும் ஏறுங்க."

தரகர் முன்னால் தொற்றிக்கொண்டார். அவனுக்குப் பின்னால் பக்கவாட்டில் போட்ட ஒல்லி சீட்தான் மிச்சம். பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருந்திருக்கிறது. எப்போதோ கழன்று போய் ஓட்டை மட்டும் தெரிந்தது.

அவள் பக்கத்தில் எங்கும் சுற்றவில்லை. முச்சந்தியில் நேரே ஆஸ்பத்திரி ரோட்டுக்குத் திருப்பினாள்.

முதல் பள்ளத்தில் பின்னாலிருந்து ணங்கென்று சத்தம் வந்தது. தலை கூரையில் மோதியிருக்க வேண்டும். இரண்டாவதில் முழங்கை எங்கோ இடித்தது. அவள் எந்தப் பள்ளத்துக்கும் ஒதுங்கவில்லை. ஒன்றிரண்டு ஓரமாகத் தப்பித்துப் போகப் பார்த்தன, ஸ்டியரிங்கை ஒடித்து அவற்றிலும் இறக்கினாள். தோள் விண்விண்ணென்று தெறித்தது. தெறிக்கட்டும்.

"ஏய், பார்த்துப் போ!" என்று பின்னால் கத்தினான்.

"அக்கா, மெதுவா. வண்டி தாங்கும், சார் தாங்க மாட்டார்" என்றார் தரகர்.

பாலம் வந்தது. பாலம் தாண்டி அந்தப் பள்ளமும் வந்தது. ஜீப் மூக்கைக் குத்தி இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, உறுமிக்கொண்டு ஏறியது. தரகர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்கே பொறுமை போய்விட்டது.

"இதெல்லாம் ஒரு ரோடாக்கா? போட்டு ஒரு மழை தாங்கல. கான்ட்ராக்ட் எடுத்தவன் நல்லா இருப்பானா? தாரை ஊத்துடான்னா எச்சில் துப்பின மாதிரி தெளிச்சுட்டுப் போயிருக்கான், கட்டையில போறவன். அவனைப் புடிச்சு இந்த மாதிரி ஒரு வண்டியில பின்னாடி உக்கார வெச்சு, இதே ரோட்டுல ஓட்டணும்!"

"அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

தரகர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

அவன் நெற்றியைத் தேய்த்தபடி குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"போதும், திரும்பிடலாம்" என்றான்.

"ஆஸ்பத்திரி வாசலுக்கு இன்னும் பாதி ரோடு இருக்கு" என்று சொல்லி, அவள் கியரை மாற்றினாள்.