சொட்டாத குழாய்

குழாய் சொட்டவில்லை. அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

கூடத்தில் அவளுடைய பணி ஓய்வு விருந்து நடந்துகொண்டிருந்தது. இருபத்து நான்கு வருடம் ராணுவச் சரக்கு விமானம் ஓட்டியவள், சமையலறைத் தொட்டியின் முன்னால் கையில் ஸ்பேனரோடு நின்றிருந்தாள். வந்தவர்களிடம் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்துப்போய், குழாயைப் பார்க்கிற சாக்கில் உள்ளே வந்துவிட்டிருந்தாள்.

குழாய் ரொம்ப எளிய சமாசாரம். மேலே திருகினால் உள்ளே ஒரு தண்டு இறங்கும். அதன் நுனியில் மாட்டியிருக்கிற ரப்பர் வாஷர், தண்ணீர் ஏறி வரும் துளையின் மேல் அழுந்தி உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். வாஷர் முழுசாக இருக்கும்வரை ஒரு சொட்டுகூட வெளியே வர வழியில்லை.

இந்தக் குழாயில் மட்டும் எந்த வாஷரும் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கியதில்லை. பயணம் முடிந்து வருவாள், புதிது மாட்டுவாள், சொட்டுவது நின்றுவிடும். அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டுகிற நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். "வந்து பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாள்.

வந்து கழற்றினால், வாஷரின் ஓரத்தில் எலிப்பல் அளவுக்குச் சுத்தமாக ஒரு முக்கோண வெட்டு இருக்கும். துளையின் விளிம்பில் பிசிறு இருந்து வெட்டுகிறதோ என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். கடை மாற்றிக் கடை வாஷர் வாங்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"அவ்வளவு பெரிய விமானத்தை இறக்குறே. ஒரு குழாயை அடக்க முடியலையே, கேப்டன்" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் தையல்காரர். கத்தரியைத் தவிர வேறு ஆயுதம் எடுத்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவர்.

கடைசி விமானத்தை இறக்கி மூன்று மாதம் ஆகிவிட்டது. பிறகெல்லாம் அலுவலகத்தில் காகித வேலைதான். அந்த மூன்று மாதமும் குழாய் வாயே திறக்கவில்லை.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "அண்ணி, கேக் வெட்ட எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. இங்க என்ன பண்றீங்க?"

"குழாயைக் கொஞ்சம் பார்க்கலாம்னு."

"நல்லா இருக்கே. இத்தனை வருஷம் நீங்க இல்லாமலே இந்த வீடு ஓடலையா? இனிமேயாவது ஒரு இடத்துல சும்மா உக்காருங்க."

நல்ல மனசோடு சொன்னதுதான். இருந்தாலும் சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் அது உண்மை. மகளுக்கு முதல் பல் விழுந்ததைப் போனில்தான் கேட்டாள். சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று இன்று காலைகூட நான்கைத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தாள். இந்த வீட்டில் அவள் கைக்காகக் காத்திருந்தது இந்தக் குழாய் ஒன்றுதான். இப்போது அதற்கும் அவள் வேண்டாம்.

நாத்தனார் போன கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். முகம் சரியில்லை.

"நீங்க ஏன் வந்துட்டீங்க?"

"அந்த நாற்காலி. அதுக்கு எதிர்ல என்னால உக்கார முடியலை."

அவளுடைய படைப்பிரிவில் அது வழக்கம். எந்த விருந்தானாலும், பறக்கப் போய்த் திரும்பி வராதவர்களுக்காக ஒரு நாற்காலியைக் காலியாக விடுவார்கள். இன்றைய நாற்காலி அவளோடு பயிற்சி பெற்ற தோழிக்கு. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் மலைப்பக்கம் போன விமானத்தோடு போனவள்.

"நீ இங்க என்ன பண்றே?" என்றார்.

"இது ஏன் சொட்டலைன்னு யோசிக்கறேன். எங்க வேலையில ஒரு கோளாறு வந்தா, என்ன மாறுச்சுன்னுதான் முதல்ல கேட்போம். தானா சரியானாலும் அதே கேள்விதான்." விரலை மடக்கினாள். "வாஷர் அதே மாதிரிதான். தண்ணி அதே தண்ணி. மாட்டினது அதே கை. மாறினது ஒண்ணே ஒண்ணு. நான் இப்ப பறக்கறதில்லை."

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது ஸ்பேனரை இறுக்கிப் பிடித்திருந்தாள். "நான் வீட்டோட வந்ததும் குழாய்க்குக்கூட நான் தேவையில்லாம போயிட்டேன் பாருங்க."

அவர் அவள் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி மேடைமேல் வைத்தார். தொட்டியைப் பார்த்தபடியே சொன்னார்.

"உன் தோழியோட வீட்டுக்காரர், துக்கம் கேக்கப் போனப்ப என்கிட்ட ஒண்ணு சொன்னார். கிளம்பறதுக்கு முந்தின நாள், வீட்டுல ரிப்பேரா இருந்த அத்தனையும் அவ சரி பண்ணி வச்சாளாம். வந்து பார்த்துக்கறேன்னு சொல்ல ஒரு வேலைகூட மிச்சம் வைக்கலையாம்."

"சரி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

கூடத்திலிருந்து நாத்தனார் மறுபடி கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை.

"நீ கிளம்பற ஒவ்வொரு தடவையும் அந்த வாஷரை வெட்டினது நான்தான்."