நிஜமா இருக்கணும்

மேட்னி ஆட்டம். "இது உண்மைக் கதை. இளகிய மனம் உள்ளவர்கள் வெளியேறிவிடுங்கள்" என்று திரையில் எழுத்து வந்ததுமே நெசவாளி வேலாயுதத்துக்கு வியர்த்தது.

கிறீச்சென்று கதவு திறந்தது. தலைவிரி கோலமாக ஒரு பேய் எட்டிப் பார்த்தது. கொட்டகையே அலறியது. வேலாயுதம் கண்களைப் பொத்திக்கொண்டார். பக்கத்தில் மனைவி கலாவதி தேம்பினாள்.

"பயப்படாதம்மா, வேஷம்தான்."

"வேஷமா? தாமல் கிராமத்துல ஷூட்டிங் பாக்கப் போனேனே, என்னைய கதாநாயகிக்கு அக்கான்னு சொல்லி நிக்க வெச்சாங்க. 'பவுடரக் கழுவிடும்மா, அப்பதான் நிஜமா இருக்கும்'னாரு டைரக்டரு. பேய்னு சொல்லவே இல்லீங்க! உங்களுக்குக் காட்டலாம்னு ஆசையா இட்டாந்தேனே!"

வேலாயுதம் விரலிடுக்கு வழியாகத் திரையைப் பார்த்தார். மனைவிக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே.

"அழாதம்மா. ரொம்ப நிஜமா இருக்குது."