பதினொரு கிலோ தூங்கும் இடம்

இருபது வருடமாகப் புற்றுநோய் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். மருந்தேற்றும் குழாயை யாருக்குக் கையில் வைப்பது, யாருக்கு மார்பில் தோலுக்கடியில் போர்ட்டாகப் புதைப்பது என்பதை முன்பு நாங்கள்தான் சொல்வோம். இப்போது கருவி சொல்கிறது. இதயத் துடிப்பையும் உடம்பில் ஏறும் சுமையையும் பதியும் துணிப்பட்டை ஒன்றை நோயாளி ஒரு வாரம் கட்டியிருந்தால் போதும்.

குடல் புற்றுக்கு வந்திருந்த பேச்சித்தாய்க்கு, 'போர்ட், இடது மார்பு' என்று திரையில் வந்தது. எனக்கு எரிச்சல். வலப்பக்கம்தான் வழக்கம், குழாய் இதயத்துக்கு நேராக இறங்கும்.

"உடம்பு தேறுற வரைக்கும் பிள்ளையத் தூக்கக் கூடாதுன்னு சொன்னோமே, தூக்கலையே?" என்று எப்போதும்போல் கேட்டேன்.

"தொடவே இல்ல சிஸ்டர். அத்தைதான் பாத்துக்கிடுதாவ."

இடதை வலது என்று மாற்றப் போனேன். உடனே கருவி காரணத்தைக் காட்டியது: 'தினமும் மதியம், வலது தோளில் பதினொரு கிலோ, நாற்பது நிமிடம். அந்நேரத்தில் மட்டும் நோயாளியின் நெஞ்சுத் துடிப்பு அமைதியாக இருக்கிறது. அந்த இடம் காலியாக இருக்கட்டும்.'

திரையை அவள் பக்கம் திருப்பினேன். படித்துவிட்டுத் தலை குனிந்தாள்.

"ஏசுவியன்னுதான் சொல்லல சிஸ்டர். எனக்கு இடக்கைப் பழக்கம், அந்தக் கை வேலைக்கு வேணும், அதான் வலது தோள்ல போட்டுக்கிடுவேன். அப்பதான் அவ தூங்குவா."

இடதை அப்படியே விட்டுக் கையெழுத்துப் போட்டேன். இந்த இருபது வருடத்தில் எத்தனையோ தாய்மாரிடம் பிள்ளையைத் தூக்கினாயா என்று அதட்டியிருக்கிறேன். எந்தத் தோளில் என்று ஒருத்தியிடமும் கேட்டதில்லை.